இரண்டாம் தரம் கேட்காத மனிதர்

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் "ஓம்" என்று சம்மதம் சொல்வதற்காகவே வீட்டை விட்டுப் புறப்பட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பிறகு நடந்த கூத்தைக் கேட்கிறவர்கள் எல்லோரும், "அப்ப உனக்கு முதலிலை விருப்பம் இருக்கேல்லைப் போலை" என்று சொல்லிவிடுகிறார்கள். இருந்தது. தலைக்கு மேல் இருந்தது. காலையில் பல் விளக்கும்போது கண்ணாடியைப் பார்த்து நாலு விதமாக "ஓம்" சொல்லிப் பார்த்தேன். நாணத்தோடு ஒன்று, கம்பீரமாக ஒன்று, யோசித்துச் சொல்வதுபோல் ஒன்று. வாய் நிறைய நுரையோடு வந்த நாலாவதுதான் இருந்ததற்குள் நன்றாக இருந்தது.

எனக்கு அப்போது ஐம்பத்துமூன்று வயது. நில அளவை அலுவலகம் ஒன்றில் வரைபடம் கீறுகிற வேலை. கொக்குவிலில் அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறேன். கலியாணம் முடிக்கவில்லை. அதைப் பற்றி ஊர் கேட்கிற கேள்விகள் எல்லாம் எனக்கு நாற்பத்தைந்து வயதாகும்போதே ஓய்ந்துபோய்விட்டன. பெரிய நிம்மதி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் இவர் வந்தார். உரும்பிராய்க்காரர். இருபத்தைந்து வயதில் இங்கிலாந்துக்குப் போய், அங்கே முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். மனைவியை நோயில் பறிகொடுத்துவிட்டு, வேலையும் முடிந்து, தகப்பன் விட்டுப்போன தோட்டக்காணியைப் பார்க்க ஊருக்கு வந்திருந்தார். காணியின் எல்லையை அறிய எங்கள் அலுவலகத்தில் பழைய வரைபடத்தின் பிரதி கேட்டார். ஒரு பிரதிக்கு ஒரு தரம் வந்தால் போதும். இவர் பதினொரு தரம் வந்தார். ஒரு நாள் வரைபடத்தை மேசையில் விரித்துவைத்துக்கொண்டு, "இதிலை வடக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். உரும்பிராய்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மனிதனுக்கு வடக்கு தெரியாதாம். என் பக்கத்து மேசைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.

பதினோராம் தரம் வந்தபோது, ஞாயிற்றுக்கிழமை மதியம் தன்னோடு சாப்பிட வரமுடியுமா என்று கேட்டார். கொழும்புத்துறையில் ஓர் இங்கிலாந்துச் சாப்பாட்டுக்கடை இருப்பதாகச் சொன்னார். சனிக்கிழமை அவருடைய தங்கை எனக்குப் போன் எடுத்தார்.

"இஞ்சை பாருங்கோ அக்கா, அண்ணை நாளைக்கு உங்களிட்டை ஒண்டு கேப்பார். அவருக்கு வளைச்சுக் கதைக்கத் தெரியாது. வாற வியாழக்கிழமை அவருக்குப் பிளேன். நீங்கள் ஓமெண்டால் அங்கத்தை வீட்டை ஒழுங்குபண்ணிப்போட்டு மூண்டு மாசத்திலை வந்திடுவார். இல்லையெண்டால் காணியை என்ரை பிள்ளையளுக்கு எழுதிப்போட்டு அங்கையே இருந்திடுவாராம். எனக்குக் காணி வேண்டாம். எனக்கு அண்ணைதான் வேணும்."

ஆகவே என்ன கேட்கப் போகிறார் என்பது எனக்குத் தெரியும். என்ன சொல்லப் போகிறேன் என்பதும் தெரியும். இதைவிடச் சுலபமான ஒரு மதியச் சாப்பாடு உலகத்தில் இருக்க முடியுமா?

பட்டுச்சேலை உடுத்தினேன். பிறகு வெட்கம் வந்து பருத்திச்சேலைக்கு மாறினேன். பிறகு மறுபடியும் பட்டுக்கே போனேன். கேற்றைத் திறந்து ஸ்கூட்டியை வெளியே எடுக்கும்போது எதிர்வீட்டு மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"எங்கை பிள்ளை, உந்தப் பட்டோடை?"

"கோயிலுக்கு, மாமி."

"மத்தியானம் பன்னிரண்டு மணிக்கோ? நடை சாத்தியிருப்பினமே!"

"வெளியிலை நிண்டு கும்பிட்டாலும் கேக்கும்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை முறுக்கினேன். ஒழுங்கை முடியுமட்டும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தண்டவாளத்தைக் கடக்கும்போது கடவைக் காவலாளி என்னைப் பார்த்துத் தானும் சிரித்தார். அந்த அளவுக்கு என் முகம் மலர்ந்திருக்க வேண்டும்.

கடை என்று சொன்னாலும் அது பழைய வீடுதான். பின்பக்கம் கடல்நீரேரி, முன்பக்கம் வேம்பு. உள்ளே ஏழு மேசை, வெள்ளை விரிப்பு, ஆளுக்கு மூன்று முள்ளுக்கரண்டியும் இரண்டு கத்தியும். நடத்துகிறவர் இங்கிலாந்துப் பெண்மணி. அறுபது வயது இருக்கும். குருநகர்க்காரர் ஒருவரைக் கலியாணம் முடித்து, அவரோடு இங்கேயே வந்து குடியிருக்கிறார். மீன்சந்தையில் விலை பேசிப்பேசித் தமிழ் பழகியவர் என்பதால், வணக்கம் சொன்னால்கூட நம்மோடு சண்டைக்கு வருகிறார் போலிருக்கும். சுவரில் ஒரு கரும்பலகை. காலையில் கரைக்கு என்ன வந்ததோ, தோட்டத்தில் எதைப் பிடுங்கினார்களோ அதைத்தான் சமைப்பாராம். சமைக்கிற முறை மட்டும் அவருடைய தாயார் காட்டிக்கொடுத்த இங்கிலாந்து முறை. அது மாசி மாதம், வலிகாமத்தில் உருளைக்கிழங்கு கிண்டுகிற காலம். கரும்பலகையில் கிழங்கு, கரட், பீற்றூட், நண்டு, ஆட்டுத்தொடை என்று சோக்கினால் எழுதியிருந்தது. நான் அதை மூன்று தரம் வாசித்தேன். மூன்று தரமும் ஒன்றும் மனதில் ஏறவில்லை.

அவர் எனக்கு முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார். கதிரை விழுந்தது. அதை நிமிர்த்தப் போனார், கத்தி விழுந்தது.

"வடிவா இருக்கிறியள்" என்று கத்தியைப் பார்த்துச் சொன்னார்.

முதலில் நண்டு வந்தது. நண்டுச் சதையை வெண்ணெயில் குழைத்து, மிளகும் சாதிக்காயும் சேர்த்து, சின்னக் கிண்ணத்தில் அடைத்துக் குளிரவைத்திருந்தார்கள். கூடவே சுட்ட பாண் இரண்டு துண்டு. நண்டை ஓட்டோடு உடைத்து, உறிஞ்சி, முழங்கைவரை குழம்பு வழியச் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். இந்த நண்டு ஒரு சத்தமும் போடாமல் வாய்க்குள் கரைந்தது. எனக்குக் கண் சொருகிவிட்டது. காலையில் பதற்றத்தில் ஒரு வாய் தேநீர்தான் குடித்திருந்தேன். பசி குடலைப் பிடுங்கியது. இரண்டு துண்டுப் பாணும் எங்கே போனதென்று தெரியவில்லை. பாதி நண்டு கிண்ணத்தில் மிச்சம் இருந்தது.

கடைக்கார அம்மா பாண் தட்டோடு வந்தார். "இன்னும் பாண் வேணுமோ, தங்கச்சி?"

"ஐயோ, வேண்டாம், காணும்!" என்றேன்.

"சரி" என்றார். தட்டு போய்விட்டது.

நான் திகைத்துப்போனேன். எங்கள் பக்கத்தில் விருந்துக்குப் போனவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதல் தரம் கேட்டவுடன் "ஓம், போடுங்கோ" என்று சொல்கிறவளை ஊர் என்ன நினைக்கும்? வீட்டில் பட்டினி கிடந்துவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைக்கும். முதல் தரம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தரம் கையை இலைக்குக் குறுக்கே நீட்டி, தலையையும் ஆட்டி, வேண்டவே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தரம் அவர்கள் கேட்கவே மாட்டார்கள். கையைத் தள்ளிவிட்டுப் போட்டுவிடுவார்கள். "ஐயையோ, என்ன இவ்வளவு!" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டு முடிக்க வேண்டும். என் அம்மா எனக்கு நடக்கப் பழக்கிய காலத்திலேயே இதையும் பழக்கியிருப்பார் என்று நினைக்கிறேன். இந்த அம்மாவோ முதல் வேண்டாமோடு போய்விட்டார். பாண் இல்லாமல் நண்டை வெறுங்கரண்டியால் வழித்துச் சாப்பிட்டேன்.

அடுத்தது ஆட்டுத்தொடை. முழுதாக அடுப்பில் வாட்டி, மெல்லிய துண்டுகளாக அரிந்து, தட்டில் வைத்தார்கள். பக்கத்தில் ஒரு பொருள், காற்று அடைத்த பணியாரம் போல, உள்ளே ஒன்றுமே இல்லாமல் ஊதிக்கொண்டு நின்றது. அதற்குள் இறைச்சிக் குழம்பை ஊற்ற வேண்டுமாம். ஊற்றினேன். அது ஒரு பக்கத்தால் ஒழுகியது. தொட்டுக்கொள்ள வெள்ளையாக ஏதோ ஒன்று இருந்தது. அங்கே இதற்கென்று காரமான ஒரு வேர் இருக்கிறதாம், இங்கே அது இல்லாததால் முருங்கை வேரைத் துருவிப் பாலாடையில் கலந்திருக்கிறார்கள் என்று அவர் சொன்னார். நக்கிப் பார்த்தேன். மூக்கு வழியாக ஏறி உச்சந்தலையில் அடித்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. எத்தனை வருடமாக என் வீட்டு முருங்கையில் காயை மட்டும் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன்!

பிறகு உருளைக்கிழங்கு வந்தது. அதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உரும்பிராய்ச் செம்மண்ணில் முதல்நாள் கிண்டிய கிழங்கு. அவித்து, குலுக்கி, கொழுப்பில் பொரித்தெடுத்து, வெளியே பொன்னிறமாக மொறுமொறுவென்று இருந்தது. தட்டு நிறைய ஆவி பறக்க அந்த அம்மா கொண்டுவந்தார்.

"கிழங்கு வேணுமோ?"

எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும் இல்லையா? வரவில்லை. வாய் தன்பாட்டுக்கு, "ஐயோ, வேண்டாம்" என்றது. பழக்கம் அப்படி.

"சரி." தட்டு அவர் பக்கம் திரும்பியது.

"ஓம், நாலு வையுங்கோ" என்றார் அவர். நாலு வைத்தார்கள். நான் அந்த நாலையும் பார்த்தபடி கரட் சாப்பிட்டேன்.

"உங்களுக்குப் பசியில்லைப் போலை" என்றார்.

"காலமை சாப்பிட்டது இன்னும் செமிக்கேல்லை."

இப்படிச் சொல்லிவிட்டு, என்னை நானே மனதுக்குள் நன்றாக ஏசினேன். ஆனாலும் சந்தோஷம் குறையவில்லை. ஜன்னலால் காற்று வந்தது. பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் பிறந்தநாள் கொண்டாடிக்கொண்டிருந்தது. எதிரே இருந்தவர் கிழங்கை வெட்டும்போது நாக்கு நுனியை வெளியே நீட்டுகிறார் என்பதைக் கண்டுபிடித்தேன். பதினொரு தரம் அலுவலகத்துக்கு வந்தபோதும் இதைக் காணவில்லையே என்று ஆச்சரியப்பட்டேன்.

அவர் வாயைத் துடைத்தார். கத்தியையும் முள்ளையும் தட்டில் பக்கம்பக்கமாக, பஸ்ஸை நிறுத்துகிற கவனத்தோடு வைத்தார். எனக்குக் காதுக்குள் இரையத் தொடங்கியது.

"எனக்குச் சுத்தி வளைச்சுக் கதைக்கத் தெரியாது" என்றார். "உங்களைப் பாக்கத்தான் அந்தக் கந்தோருக்கு வந்து வந்து போனனான். வடக்கு எந்தப் பக்கமெண்டு எனக்குத் தெரியும். எனக்கு உங்களைக் கலியாணம் கட்ட விருப்பம். உங்களுக்கு விருப்பமோ?"

அவ்வளவுதான். கேட்டுவிட்டார். இனி நான் காலையில் பழகிய அந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும்.

"சீ! என்ன கதை இது!" என்றேன். "இந்த வயசிலையோ… வேண்டாம், வேண்டாம்!"

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டேன். உள்ளே ஒரே குதியாட்டம். இரண்டாம் தரம் கேட்டதும் என்ன சொல்வது, மூன்றாம் தரம் எப்படி நிமிர்ந்து பார்ப்பது என்றெல்லாம் கணக்காக வைத்திருந்தேன்.

"சரி" என்றார் அவர்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய முகம் வெளிறியிருந்தது. ஆனால் குரலில் குறை இல்லை.

"குறை நினையாதையுங்கோ. உங்களைச் சங்கடப்படுத்திப்போட்டன். நீங்கள் வேண்டாமெண்டு சொன்னாப் பிறகு நான் இனி இதைப் பற்றிக் கதைக்கமாட்டன். அது மரியாதை இல்லை." கத்தியையும் முள்ளையும் மறுபடி கையில் எடுத்தார். பிறகு, "கரட்டுக்கு உப்புக் காணுமோ?" என்று கேட்டார்.

எனக்கு உயிர் போய் வந்தது. என் நெஞ்சே வெடித்துவிடும் போலிருக்கிறது, இந்த மனிதர் கரட்டுக்கு உப்புக் கேட்கிறார்!

"நான் வேண்டாமெண்டு சொன்னது… வந்து… நீங்கள் திடீரெண்டு கேட்டபடியாலை…"

"விளங்குது. நான் அவசரப்பட்டது பிழை."

"அவசரமெண்டில்லை…"

"நீங்கள் எனக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. உங்களுக்கு வேண்டாமெண்டு சொல்ல உரிமை இருக்கு."

எங்கள் பகுதி மதில்கள்கூட இவ்வளவு நேராக நிற்பதில்லை. நான் வரைபடம் கீறிப் பார்த்தவள், எனக்குத் தெரியும். வேறு வழியால் போனேன்.

"வியாழக்கிழமைப் பயணத்தைத் தள்ளிப்போட ஏலாதோ?"

"என்னத்துக்கு?"

"அங்கை குளிரெல்லோ."

"முப்பத்திரண்டு வருசம் அந்தக் குளிருக்கைதானே இருந்தனான்" என்றார், மிகவும் பணிவாக.

அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. விளையாட்டுப் பயம் இல்லை. எனக்கு இருபத்தாறு வயதாக இருந்தபோது இதே அலுவலகத்தில் என்னோடு வேலை செய்த ஒருவர், விறாந்தையில் கோப்புக் கட்டோடு நின்று இதே கேள்வியைக் கேட்டார். தென்மராட்சிப் பிள்ளை, நல்ல பிள்ளை. அன்றும் நான் வேண்டாம் என்றேன், இதே மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு. அவர் கூச்சக்காரர். இரண்டாம் தரம் கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை. நான் மூன்று மாதம் காத்திருந்தேன். அவர் வவுனியாவுக்கு மாற்றம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வருடம் அவருடைய கலியாண அழைப்பிதழ் எங்கள் எல்லோருக்கும் வந்தது. அதற்காக இருபத்தேழு வருடம் அழுதேன் என்று சொன்னால் பொய். ஆனால் அன்று வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம் என்று நினைக்காத வருடம் இல்லை. இப்போது எதிரே இன்னொருவர் கரட்டை மென்றுகொண்டிருந்தார். வியாழக்கிழமைக்கு நாலே நாள்.

அந்த அம்மா புட்டிங்கோடு வந்தார். ஆவியில் அவித்த மாப்பண்டம், அதன்மேல் பனங்கட்டியைப் பாணியாகக் காய்ச்சி ஊற்றியிருந்தார்கள். அதற்கும் மேல் மஞ்சள் கஸ்டட்.

"புட்டிங் வேணு—"

"ஓம்!" என்றேன்.

கொஞ்சம் அதிகச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பிறந்தநாள் மேசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாவும் ஒரு அடி பின்னால் போனார். ஆனால் சொன்ன பிறகு வானம் இடிந்து விழவில்லை. யாரும் என்னைச் சாப்பாட்டுக்கு அலைந்தவள் என்று சொல்லவும் இல்லை. எனக்குத் தைரியம் பிடித்துவிட்டது.

"பெரிய துண்டு" என்றேன். "பாணி இன்னும் கொஞ்சம். உந்தக் கிழங்கு மிச்சம் இருந்தால் அதையும் கொண்டுவாங்கோ."

"புட்டிங்கோடை கிழங்கோ?"

"ஓம்."

கொண்டுவந்தார். கிழங்கு ஒரு வாய், புட்டிங் ஒரு வாய் என்று நான் சாப்பிடுவதை அவர் கரண்டியைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"பசியில்லையெண்டு சொன்னியள்…"

"பொய். எனக்கு விடியத் தொடக்கம் பசி. பாணும் வேணும், கிழங்கும் வேணும். இன்னும் ரெண்டு தரம் கேப்பா எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். அவ கேக்கேல்லை."

அவர் முதலில் விழித்தார். பிறகு தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயோ, எனக்கும் உது நடந்தது" என்றார். "அங்கை போன முதல்நாள். ஒரு கிழவியின்ரை வீட்டிலை அறை எடுத்தனான். பிளேனாலை இறங்கி ஒண்டும் சாப்பிடேல்லை. மனுசி, சாப்பிடுறியோ எண்டு கேட்டுது. நான் வேண்டாமெண்டன். சரியெண்டு குசினி லைற்றை அணைச்சுப்போட்டுப் போட்டுது. நான் இருட்டுக்கை நிண்டனான். அண்டைக்கு முழுப் பட்டினி. அடுத்தநாள் தொடக்கம் ஒண்டு பழகினன். எனக்கு வேணுமெண்டால் முதல் தரமே ஓமெண்டிறது. மற்ற ஆக்கள் வேண்டாமெண்டால்…"

அங்கே நிறுத்திவிட்டார். சிரிப்பும் நின்றுவிட்டது. கரண்டியைக் கீழே வைத்தார். முகத்தில் மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் ஏறுவதைக் கண்டேன்.

"அப்ப," என்றார், "நான் கேட்ட மற்றதுக்கும்… இன்னொருக்கா நான்…"

"பொறுங்கோ" என்றேன். "நீங்கள் கேக்கவேண்டாம். நீங்கள் ஒருக்காக் கேட்டிட்டியள். அது காணும். இப்ப நான் கேக்கிறன்."

காலையில் "ஓம்" சொல்லத்தான் பழகியிருந்தேனே தவிர, கேட்பதற்குப் பழகியிருக்கவில்லை. என் அம்மா கேட்டதில்லை. எனக்குத் தெரிந்த எந்தப் பெண்ணும் கேட்டதில்லை. நெஞ்சு அடித்த அடியில் மேசையே ஆடுகிறதோ என்று பார்த்தேன்.

"நீங்கள் வியாழக்கிழமை போட்டு, அங்கத்தை அலுவலை முடிச்சுக்கொண்டு, திரும்பி வந்து, என்னை…"

"ஓம்" என்றார்.

"நான் இன்னும் கேட்டு முடியேல்லை!"

"முடியுங்கோ. பேந்தும் ஓம்தான்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கன்னத்தால் வழிந்ததைத் துடைக்கவும் தோன்றவில்லை. ஆனால் விடவில்லை. ஐம்பத்துமூன்று வருடத்தில் எனக்கு வேண்டிய ஒன்றை நானே வாய் திறந்து கேட்பது அதுதான் முதல் தடவை. அதைப் பாதியில் விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, அவருடைய முகத்தை நேரே பார்த்து, முழு வசனத்தையும் தொடக்கத்தில் இருந்து ஒரு சொல்லும் விடாமல் கேட்டேன். அவர் அசையாமல் கடைசிச் சொல்வரை கேட்டிருந்துவிட்டு, மறுபடியும் சொன்னார்.